டூ ஸ்ட்ரோக் நவநாள்

"அப்பா, இதான் கடைசித் தடவை. ரெண்டு மணிக்குப் பழைய இரும்பு வாங்கற லோரி வந்து இந்தப் பழைய மிஷினை ஏத்திக்கும்," என்றான் ரயன். வாங்கி வந்த புதுப் புல்வெட்டியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தான். "இது பேட்டரி. புகை இல்ல, சத்தம் இல்ல. எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு," என்றார் தோமஸ்.

அறுபத்தேழு வயதில் அவர் யாரிடமும் நேருக்கு நேர் சொல்லிப் பழகிய ஒரே கருத்து அதுதான். முடி வெட்டுகிறவர் ஒரு பக்கக் கிருதாவையே காணாமல் அடித்தாலும் நல்லாருக்கு. சர்ச்சில் ஃபாதர் ஒன்றேகால் மணி நேரம் பிரசங்கம் வைத்தாலும் நல்லாருக்கு. ஆனால் இப்போது, சொல்லிவிட்டுப் பழைய புல்வெட்டியை ஒட்டிப் போய் நின்றுகொண்டார்.

பழைய புல்வெட்டி டூ ஸ்ட்ரோக் ரகம். செடெனாக்கில் ஒரு தோட்ட மானேஜர் பங்களாவிலிருந்து அவர் வாங்கி வந்தபோதே அதற்குப் பேரன் எடுக்கிற வயசு. அதற்கப்புறமும் இருபத்தாறு வருஷமாக இந்தத் தெப்ராவ் வீட்டுப் புல்லை அதுதான் வெட்டுகிறது. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றிக் கயிற்றை மூன்று இழுப்பு இழுத்தால் முதலில் இருமும், பிறகு நீலமாகப் புகை விடும், அதற்குப் பிறகு தெருவே அதிரும். மக்கர் பண்ணினால் ஒரு ஸ்பேனரும் பிளக்கைத் தேய்க்க ஒரு துண்டு உப்புத்தாளும் போதும்.

"அம்மாதான் வாராவாரம் போன்ல சொல்றாங்க, காயப்போட்ட துணியெல்லாம் புகை நாத்தம்னு."

"சொன்னேன்தான்," என்றாள் ஐலீன், புல்தரையைப் பார்த்த சமையலறை ஜன்னலில் மீன் கழுவிக்கொண்டே. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக இருபது வருஷம் பத்து பாகாட் ஊர்த் துணி ஆலையில் தறி ஓட்டியவள். சாதாரணமாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"கடைசியா ஒருக்கா வெட்டிடறேன்," என்று தோமஸ் கயிற்றை இழுத்தார்.

அந்த மிஷினை அவர் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார் என்பது யாருக்கும் தெரியாது. அது ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆகவே சனிக்கிழமை காலையில் அந்த முக்கால் மணி நேரம் மட்டும் தோமஸ் வாயைத் திறந்து பேசுவார். வாரம் முழுக்க நல்லாருக்கு, நல்லாருக்கு என்று விழுங்கியதையெல்லாம் அதனிடம் கொட்டுவார். கொட்டியது பலித்தது, அதுதான் அதிசயம்.

மீன் கறியில் புளி தூக்கல் என்று ஒரு சனிக்கிழமை முறையிட்டார். மறுநாள் கறியில் புளி அளவாக இருந்தது. இரண்டு நாளைக்கு என்று வந்த மைத்துனன் லெஸ்லி இரண்டு மாதமாக சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை என்று புலம்பினார். திங்கட்கிழமை காலையில் லெஸ்லி பையும் கையுமாக வாசலில் நின்றான். புனித அந்தோணியாருக்கே ஒன்பது வாரம் நவநாள் ஜெபம் வைக்க வேண்டியிருக்கிறது. இந்த மிஷினுக்கு இரண்டு நாள் போதும்.

எப்போதுமே அருள் கிடைத்தது என்றும் சொல்ல முடியாது. பாடகர் குழுவில் ஐலீன் குரலை உயர்த்தினால் தகர டப்பாவைத் தார் ரோட்டில் இழுக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் ரசமும் அவித்த முட்டையும்தான். சாமி பாட்டைக் குறை சொன்ன பாவம் என்று சாப்பிட்டு முடித்தார்.

இன்று முதல் வரிசை வெட்டும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன்னை அனுப்ப எனக்கு மனசே இல்ல," என்றார் மிஷினிடம். "பையன் ஆசையா வாங்கிட்டு வந்துட்டான். வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவ ஒரு வார்த்தை சொன்னா அவன் கேப்பான். அவளும் சொல்ல மாட்டா. இத்தனை வருஷமும் இந்த வீட்ல என் பேச்சைக் கேட்ட ஒரே ஆளு நீதான்."

ஜன்னலுக்கு நேரே வந்து திரும்பியபோது, ஐலீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகைக்குத்தான் முறைக்கிறாள் என்று நினைத்து மிஷினை நிறுத்தினார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ரயன், அந்தப் பேட்டரிய கடையில திருப்பிக் குடுத்துடு. லோரிய வர வேணாம்னு சொல்லு. இது இங்கயே இருக்கட்டும்."

"அலமாக், என்னம்மா இது! நீங்கதானே புகை புகைன்னு சொன்னீங்க?"

"சொல்வேன். நான் சொல்றதுக்கெல்லாம் மிஷின் வாங்குவியா?"

ரயன் தலையில் அடித்துக்கொண்டு பெட்டியைக் காருக்குத் தூக்கிப் போனான்.

தோமஸுக்கு மெய்சிலிர்த்தது. இரண்டு நாள்கூட ஆகவில்லை, இரண்டே நிமிஷம். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, மிஷினை நன்றியோடு தடவிக் கையைச் சுட்டுக்கொண்டார்.

"நல்லாருக்கு," என்றார் ஐலீனிடம்.

அவள் உள்ளே போகவில்லை.

"தறி ஓடறப்போ பக்கத்துல நிக்கறவ கத்தினாலும் காதுல விழாது. இருபது வருஷம் நாங்க உதட்டைப் பாத்துத்தான் பேசிக்கிட்டோம்," என்றாள், அவளுக்கு வழக்கமில்லாத மெல்லிய குரலில். "உங்க பேச்சைக் கேட்டது மிஷின் இல்லைங்க, நான்தான். அந்தத் தகர டப்பாவையும் சேத்து."