பத்தாம் தேதி வரைக்கும் இலவசம்

நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ரெண்டு கிலோ. மறுநாள் துரைராசு அய்யா வீட்டுக்குச் சம்பந்தி வீட்டு ஆட்கள் வருகிறார்கள்.

கைதான் வெங்காயத்தில். மனசு வயலில்.

மேட்டூர் அணையை மூடிவிட்டார்கள். வெண்ணாற்றில் தண்ணீர் இல்லை. கதிர் பால் பிடிக்கிற இந்த நேரத்தில் அய்யாவின் மோட்டார்த் தண்ணீர்தான் எங்களுக்குக் கதி. முந்தாநாள் அதுவும் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் திரும்புகிற குழாயை, மோட்டார் பார்க்கிற கோவிந்தராசு அண்ணன் மூடிவிட்டார்.

"அந்தாளுக்கு என்மேல ஏதோ காட்டம். அய்யாவுக்குத் தெரிஞ்சிருக்காது. நீதான் தெனம் அங்க வேலைக்குப் போறியே, நேரம் பாத்து ஒரு வார்த்தை சொல்லு" என்று என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். ரெண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வயலில் வெடித்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தாராம். முழு விரலும் உள்ளே போனதாம்.

எனக்குப் பெரியவங்க முன்னால் வாயே வராது. காலையிலிருந்து நாலு தடவை "அய்யா" என்று ஆரம்பித்து, "குடிக்கத் தண்ணி கொண்டு வரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்போதுதான் அய்யா கூடத்திலிருந்து கத்தினார்.

"அநியாயம்! பச்சை அநியாயம்! பாரதி, இங்க வாம்மா. இதைப் படி."

மருமகள் ஜெயபாரதி அக்கா வந்து போனை வாங்கிப் பார்த்தார்.

"போட்டோ வைக்கிற கம்பெனியிலேருந்து வந்திருக்கு மாமா. சும்மா குடுத்த எடத்தைக் குறைக்கிறாங்களாம். பத்தாம் தேதி வரைக்கும்தான் இலவசம். அப்புறம் மாசம் நூத்தி முப்பது கட்டணும். கட்டலன்னா கூடுதலா இருக்கிற போட்டோவை அழிச்சிடுவாங்க."

அய்யாவின் போட்டோ எல்லாம் போனுக்குள் இல்லையாம். கம்பெனிக்காரன் வேறு எங்கேயோ வைத்துக் காப்பாற்றுகிறானாம். ஆறு வருசத்துப் போட்டோ. பேரன் பிறந்தது, கோயில் கும்பாபிஷேகம், போன வருசம் தவறிப்போன அவர் சம்சாரம் இட்லித் தட்டோடு சிரிக்கிறது, எல்லாம் அங்கேதான்.

"குட்மார்னிங் போட்டோவே மூவாயிரம் இருக்கு மாமா. அதை அழிச்சாலே எடம் வந்துடும்."

"ஒண்ணையும் தொடாத! அனுப்புனவங்க என்ன நெனைப்பாங்க?"

"அப்ப நூத்தி முப்பதைக் கட்டிடுங்க. உங்க வெத்தலைச் செலவுல கால்வாசிகூட வராது."

"காசா பெருசு? முறைன்னு ஒண்ணு வேணாமா? சும்மா தர்றேன் வான்னு கூப்பிட்டதே அவன்தான். நம்பி எல்லாத்தையும் அவன் கையில குடுத்தாச்சு. இனிமே இவனால வேற எங்கேயும் போக முடியாதுன்னு தெரிஞ்சதும் வெலை சொல்றான். இது யாவாரம் இல்லம்மா. குரல்வளையில கை வைக்கிறது!"

அய்யா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு எழிலு. நம்மளை நம்பி வந்தவனை நடுவழியில நிறுத்தி இப்படிக் கேக்கலாமா?"

அய்யா என்னிடம் நியாயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தப்புதாங்கய்யா" என்றேன். வெங்காயக் காட்டத்தில் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"பாத்தியா பாரதி? நாலாவது படிச்ச புள்ள. எனக்காகக் கண் கலங்குது. அந்தக் கம்பெனிக்காரனுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல."

ஜெயபாரதி அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று பட்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"அய்யா... வந்து... கோவிந்தராசு அண்ணன் எங்க பக்கத்துக் குழாயை மூடிட்டாருங்க. கதிர் பால் பிடிக்குதுங்கய்யா. இன்னும் ரெண்டு தண்ணி பாஞ்சாப் போதும். இல்லன்னா அத்தனையும் பதராப் போயிடும். நாலு பக்கமும் உங்க வயலு. வேற யார் மோட்டாருலேருந்தும் கொண்டுவர வழியில்லீங்க. நீங்க தண்ணி விடுறீங்கங்கிற நம்பிக்கையிலதான் மூணு வருசமா அந்தக் குத்தகை நெலத்துல சம்பாவே போடுறோம்."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அய்யா போனைக் கீழே வைத்தார்.

"அட, இதைச் சொல்லத்தான் காலையிலேருந்து என்னைத் தண்ணி குடிக்க வச்சிக்கிட்டிருந்தியா? விளைஞ்ச பயிரைக் காய விட்டுருவேனா? நாளைக்குக் காலையில தெறந்துவிடச் சொல்றேன். போயி உன் வீட்டுக்காரன் பரிதிகிட்ட சொல்லிட்டு வா. வெங்காயம் எங்கேயும் ஓடிடாது."

கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் கோணி விரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த என் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

பாவம் அய்யா. எங்கள் வயிற்றில் பால் வார்த்த மனுசன். அவருடைய போட்டோ ஒன்றுகூட அழியக் கூடாது, அந்தக் கம்பெனிக்காரனுக்கு நல்ல புத்தி கொடு தாயே என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டே கேட்டைத் திறந்து, வெளியே ஒரு கால்...

"ஏ எழிலு, நில்லு! சொல்ல மறந்துட்டேன். மூணு வருசம் சும்மா விட்டாச்சு. நாளையிலேருந்து மணிக்கு இருநூறு ரூவா. காசு கைக்கு வந்தாத்தான் குழாயைத் தெறக்கணும்னு கோவிந்தராசுகிட்ட முந்தாநாளே சொல்லி வச்சிருக்கேன்."