இன்னும் ஒரு கட்டளை

“இன்னும் எத்தனை கட்டளையைத்தான் தம்பி ஒளிச்சு வெச்சிருக்கே?”

சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டார் அண்ணன். ஒப்பந்தத்தில் வந்த புரோகிராமர். நாற்பதைத் தாண்டியவர் என்பதால் வந்த அன்றே அலுவலகம் முழுவதற்கும் அண்ணனாகிவிட்டார். எதிரில் இருந்தவன் சிரித்தான்.

அவனுக்கு அலுவலகம் வைத்த பெயர் மூலை. பிரிண்டருக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத இடுக்கில் அவன் மேசை. உண்மைப் பெயர் சம்பளம் போடுகிறவருக்குத் தெரிந்திருக்கலாம். மற்றவர்கள் சாப்பாட்டு அறையில் கூட்டமாக உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் அங்கே வரை கேட்கும். வராதே என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை, வா என்று கூப்பிட்டதும் இல்லை.

ஆனால் அந்த அலுவலகமே மூலையின் கையால்தான் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாக் கிளைகளின் விற்பனைக் கணக்கையும் தினமும் திரட்டி, காலையில் முதலாளிக்கு அறிக்கையாக அனுப்புவதற்கென்றே அவன் சொந்தமாக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கி வைத்திருந்தான். ‘எடு’, ‘கூட்டு’, ‘அனுப்பு’ என்று கட்டளைகள். உலகத்தில் அந்த மொழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. “பக்கத்துல உட்கார்ந்து, பேச்சோட பேச்சா மொத்தத்தையும் கறந்துடுங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச மொழிக்கு மாத்திடலாம். அப்புறம் அவன் எதுக்கு? அதுவரைக்கும் அவன் காதுக்குப் போக வேண்டாம்” என்று சொல்லித்தான் அண்ணனைக் கூட்டி வந்திருந்தார்.

கறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முதல் நாள் டப்பாவோடு போய் நின்றபோது மூலை பதறி எழுந்து, இன்னொரு நாற்காலியில் குவிந்திருந்த கேபிள்களை அள்ளித் தரையில் போட்டுவிட்டு இடம் கொடுத்தான். அன்றிலிருந்து மதியம் என்றால் இருவருக்கும் ஒரே வாக்குவாதம்தான்.

“தப்பா எழுதினா மொழி அங்கேயே நின்னு சொல்லணும்ணே. அதுவா ஒண்ணை யூகிச்சுக்கிட்டு ஓடக் கூடாது” என்பான் மூலை.

“போப்பா. அவசரத்துக்கு எழுதுற ஸ்கிரிப்ட். கொஞ்சம் முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கிட்டாத்தான் என்ன, குடியா முழுகிடும்?”

“முழுகும். காலையில முதலாளிக்குத் தப்புக் கணக்கு போகும்.”

“அதுசரி, தப்பு வந்தா ‘மன்னிக்கவும், நீங்கள் சொன்னது புரியவில்லை’ன்னு வருதே, அவ்வளவு மரியாதை யாருக்கு? நீ ஒருத்தன்தானே எழுதுறே?”

“எனக்குத்தாண்ணே. வேற யார் சொல்லப் போறாங்க?”

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, சிரித்திருக்க வேண்டாம் என்று பட்டது. திங்கட்கிழமைகளில் மூலையின் குரல் கரகரக்கும். தனி அறையில் இருக்கிறவன், சனி ஞாயிறு பேச ஆளில்லை.

“இன்னொண்ணுண்ணே, ஒரு வேலைக்கு ஒரே கட்டளைதான் இருக்கணும். ரெண்டு வழி இருந்தா ரெண்டு தலைவலி.”

“அப்படியா? ‘கூட்டு’ன்னு ஒண்ணு இருக்கும்போது இன்னைக்கு ‘சேர்’னு ஒண்ணு பார்த்தேனே, ரெண்டும் ஒரே வேலையைத்தானே செய்யுது?”

மூலையின் காது சிவந்தது. “அது... நாளைக்குச் சொல்றேண்ணே. வருவீங்கள்ல?”

இப்படியே நாள்கள் ஓடின. மதியம் ஒரு கட்டளை புரியும். மறுநாள் காலை நிரலைத் திறந்தால், பார்த்த ஞாபகமே இல்லாத இன்னொன்று எட்டிப் பார்க்கும். கண்ணாடியை மாற்றுகிற வயது வந்துவிட்டது என்று அண்ணன் தன்னையே நொந்துகொண்டார்.

மேனேஜர் தன்னை நொந்துகொள்கிற ரகம் இல்லை. “ஒரு வாரத்து வேலைன்னு சொன்னீங்க, மாசமே முடியப் போகுது. அமுக்குணி, மோப்பம் பிடிச்சிட்டான். வேலையைக் காப்பாத்திக்க ஒண்ணொண்ணா ஒளிச்சு வெச்சு இழுத்தடிக்கிறான். வெள்ளிக்கிழமையோட முடிங்க, இல்லைன்னா நீங்களும் வேற இடம் பாருங்க.”

அண்ணனுக்கும் அதே சந்தேகம்தான். அப்படி இருந்தால் தேவலை என்றுகூட நினைத்தார். அவனும் திருட்டுத்தனம் செய்கிறான் என்றால் தன் திருட்டுத்தனம் அவ்வளவாக உறுத்தாது. ஆனால் மதியம் ஆனதும் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு, தன் டப்பாவைத் திறக்காமல் அவன் வழி பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டால் மனசு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாதியில் டப்பாவை மூடினார்.

“தம்பி, இனிமே எனக்கு எதையும் சொல்லித் தராதே. நான் உன்கூடச் சாப்பிடணும்னு வரலை. உன் மொழியைக் கத்துக்கிட்டுப் போகத்தான் வந்தேன். நீ சொல்லி முடிக்கிற அன்னைக்கு உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மிச்சத்தை உன்கிட்டயே வெச்சுக்க. என் பிழைப்பை நான் பார்த்துக்கிறேன்.”

மூலை அதிரவில்லை. வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினான்.

“தெரியும்ணே. இத்தனை வருஷத்துல இந்த நாற்காலிக்கு யாரும் வந்ததில்லை. நீங்க டப்பாவோட வந்து நின்னப்பவே புரிஞ்சிடுச்சு.”

“நல்லவேளை. தெரிஞ்சதாலதான் கொஞ்சமாவது மறைச்சு வெச்சே. புத்திசாலி.”

“எதையும் மறைக்கலைண்ணே. அந்த மொழியில இருந்ததை எல்லாம் முதல் வாரமே சொல்லி முடிச்சிட்டேன்.”

அண்ணன் விழித்தார். “அப்போ, அதுக்கப்புறம் தினம் ஒண்ணு புதுசா வந்துச்சே, அதெல்லாம்?”

மூலை தலையைக் குனிந்துகொண்டான்.

“நீங்க மறுநாளும் சாப்பிட வரணும்னு எழுதினதுண்ணே.”