வட்டமிட்ட நான்கு

சுடோகுவின் ஆறாவது வரிசையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அதன் மூலையில் மனைவி பென்சிலால் பொடியாக எழுதியிருந்தாள்: 4, 9.

இரண்டில் ஒன்று. எது என்று மேல்வீட்டுக்காரர் சொல்ல வேண்டும்.

அவள் குளிக்கப் போயிருந்தாள். குழாய்ச் சத்தம் கேட்டது. அவன் பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பேப்பர். காலையில் இங்கே. பத்து மணிக்கு மேல்வீட்டு பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு துணிப்பை இறங்கும். சுடோகுவில் முடிந்தவரை போட்டு, பேப்பரைப் பையில் வைத்து, அவள் கயிற்றை இரண்டு முறை இழுப்பாள். மூன்று மணிக்கு எல்லாக் கட்டமும் நிரம்பித் திரும்பி வரும்.

மேல்வீட்டுக்காரர் பெயர் தயாளன். மனைவி இறந்துவிட்டார். கையெழுத்து அழகு.

ஏழு வருடமாக இது நடக்கிறது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அவன் கண்ணில் பட்டது.

அவள் தவறாகப் போட்ட எண்ணைத் தயாளன் அழிப்பதில்லை. சுற்றி மெலிதாக ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுவார். அந்த வட்டத்தைப் பார்த்ததும் அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள். பிறகு புருவத்தைத் தூக்கிச் சிரிப்பாள்.

பேப்பரைப் பார்த்து.

அவனுக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு சொல் இல்லை.

தயாளனோடு அவள் படியில் நின்று பேசி அவன் பார்த்ததில்லை. பேசியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். எண்களோடு எப்படிச் சண்டை போடுவது?

முதன்முதலில் அவனிடம்தான் நீட்டினாள். அது நன்றாக நினைவிருந்தது. கொஞ்சம் பாருங்களேன் என்றாள். வேலையற்ற வேலை என்று சொல்லிவிட்டு அவன் ஷூ மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனான்.

போன ஞாயிறு இணைப்பில் சுடோகு தொடங்குவோருக்காக ஒரு கட்டுரை வந்திருந்தது. அதைக் கழிவறைக்குள் கொண்டுபோய்ப் படித்தான். அதிகம் வந்திருக்கும் எண்ணிலிருந்து தொடங்கு. காலியிடம் குறைவான பெட்டியைப் பார். வரக்கூடியதை மூலையில் சிறிதாகக் குறி. ஊகிக்காதே.

அவன் சரியாகப் போட வரவில்லை. அவள் பெயரில் ஒரு தப்புப் போட வந்திருந்தான். எங்கேயும் இடிக்காத தப்பு. தயாளன் அதை நம்பிப் போய், கடைசியில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று மணிக்குப் பேப்பர் அரைகுறையாக இறங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆனால் தப்பு எது என்று தெரிய, சரி எது என்று தெரிந்தாக வேண்டும்.

கிடையாகப் பார்த்தான். நெடுக்காகப் பார்த்தான். பெட்டிக்குள் பார்த்தான். பக்கத்துப் பெட்டியில் நான்கு எங்கே விழும் என்று விரல் வைத்துத் தேடினான். நெற்றி வியர்த்தது.

ஒன்பது. ஒன்பதுதான் வரும்.

குழாய் நின்றது.

அவளைப் போலவே மெலிதாக, நான்கு என்று எழுதினான்.

பை போன பிறகு இரண்டு முறை பால்கனிக்குப் போய்வந்தான். மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார் போல. மதியம் இன்னொரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மூன்று மணிக்குப் பை இறங்கியது.

ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஆறாவது வரிசையில் நான்கைச் சுற்றி வட்டம். பக்கத்தில் ஒன்பது.

அவள் நாக்கைக் கடிக்கவில்லை. பேப்பரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அவள் எழுதும் நான்கு மேலே மூடியிருக்கும். இது திறந்திருந்தது. முப்பத்தோரு வருடமாகக் காலண்டரிலும் கேஸ் சிலிண்டர் புத்தகத்திலும் அவள் பார்த்த நான்கு.

அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"தப்புதான். ஆனா எங்கயும் இடிக்கலை" என்றாள் அவள். "இதை எப்பக் கத்துக்கிட்டீங்க?"

புருவம் தூக்கியிருந்தது.

அவனைப் பார்த்து.

அவன் எழுந்து போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான்.

மறுநாள் காலை பேப்பர் அவனுடைய காபிக்குப் பக்கத்தில் மடித்துக் கிடந்தது. மேலே பென்சில். புதிதாகச் சீவியிருந்தது. ஒரு கட்டத்தின் மூலையில் மட்டும் பொடியாக இரண்டு எண்கள்: 4, 7.

அவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

அவன் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டான். கிடை, நெடுக்கு, பெட்டி. மூன்று முறை சரிபார்த்தான்.

நான்கு.

பென்சிலைக் கீழே வைத்தான். அலமாரியைத் திறந்து ஆபீஸ் பேனாவை எடுத்துவந்தான். மேலே திறந்த நான்கு. அழுத்தி எழுதினான்.

பத்து மணிக்குப் பை இறங்கியது. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. ஒரு வேட்டியை உதறியபடியே நின்றாள்.

அவனே பேப்பரைப் பையில் வைத்தான். கயிற்றை இரண்டு முறை இழுத்தான்.

பை உடனே ஏறவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் ஏறியது.

உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று மணிக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.