படம் சூப்பர்

"செம மொக்கை சார். டிக்கெட் காசு தண்டம்."

தியேட்டர் வாசலில் நிருபர் மைக்கை அடுத்தவரிடம் நீட்டினார். அங்கேயும் அதே பாட்டுதான். ஒரு திருட்டுக் கும்பலைப் பற்றிய நகைச்சுவைப் படம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஓர் அம்மாள் மட்டும் தானாகவே வந்து கேமரா முன் நின்றாள். "படம் சூப்பர். வயிறு வலிக்கச் சிரிச்சேன். எல்லாரும் குடும்பத்தோட வந்து பாருங்க."

நேற்றும் இதையேதான் சொன்னாள். முந்தாநாளும்.

நிருபர் மைக்கைத் தாழ்த்தினார். "ஏம்மா, நீங்க தயாரிப்பாளர் வீட்டு ஆளா? எதுக்குத் தொண்டத்தண்ணி வத்தப் பேசறீங்க? நாளையிலேருந்து வேற படம் போடறாங்க."

அவள் முகம் வாடிவிட்டது. "நல்லாயிருக்குன்னு நீங்க போட்டா, இன்னும் கொஞ்ச நாள் ஓடும்ல தம்பி?"

"அப்படி என்னதான் பிடிச்சிருக்கு இதுல?"

"திருடனுங்க நாலு பேரும் பொணத்தைத் தோள்ல தூக்கிட்டு ஓடுற சீன்."

"அட போங்கம்மா! இருக்கறதுலயே அதுதான் பெரிய அறுவை."

"பொணமாப் படுத்திருக்கறது என் மகன்."

நிருபர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா, தப்பா எடுத்துக்காதீங்க. அவரையும் கூப்பிடுங்க, ரெண்டு வார்த்தை பேச வைப்போம்."

"இதுல நடிச்சு முடிச்சதும் கப்பல் வேலைக்குப் போனான். கப்பல் கவுந்துடுச்சு. உடம்புகூடக் கிடைக்கல." உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவனை நாலு பேர் தூக்கிட்டுப் போறதை நான் இங்கதானே தம்பி பார்க்க முடியும்?"