நாடாவில் பிரிந்த இழை

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடி ஜன்னலில் காலை வெயில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேவேந்திரனுக்காக இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஐயம்பேட்டை ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து அடிபட்ட தலை தேறிவருகிறது. ஆனால் வாயில் செருகிய குழாயில் படிந்து வளர்ந்த கிருமி நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. பச்சை அங்கியும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள் மனைவி சங்கரி. குழாயைக் கன்னத்தோடு சேர்த்துக் கட்டிய நாடாவில் ஓர் இழை பிரிந்து அவன் உதட்டில் உரசுகிறது. அவள் கை தானாக முகக்கவசத்தை இறக்குகிறது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நாக்கைத் தொட்டு நனைகின்றன. வீட்டுத் தறியில் பட்டிழை அறுந்தால் அவளும் அவனும் இப்படித்தான் எச்சில் தொட்டு முறுக்கி ஒட்டுவார்கள். “அக்கா, கை,” என்கிறாள் நர்ஸ் ருக்ஸானா, மெதுவாக. விரல்கள் பாதியில் நிற்கின்றன. “நேத்தும் இப்படித்தான் ஒட்டுனேன்மா. என் கைலருந்துதான் கிருமி பூந்துச்சா?” “இல்லக்கா. ஜுரம் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சி. இந்தக் கிருமி கொழாயிலயே வளர்றது, அக்கா.” சங்கரி தலையை ஆட்டுகிறாள், நம்பியதாகத் தெரியவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்றால் இறுகப் பிடித்துக்கொள்கிறாள். வெள்ளை விரிப்பின் மேல், கண் திறக்காமலே, தேவேந்திரனின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இல்லாத ஓர் இழையை முறுக்குகின்றன, நிற்கின்றன, மறுபடி முறுக்குகின்றன. வீட்டில், அறுந்த இழையின் மறுமுனையைத் தேடி எடுத்து அந்த விரல்களில் கொடுப்பவள் அவள்தான்.