இசைத்தட்டின் கடைசிச் சுற்று

உலகச் சண்டை நடக்கிறது. பழைய இசைத்தட்டுகளை உருக்கக் கொடுத்தால்தான் கம்பெனி புதியவற்றைத் தருகிறது. தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் பால்துரையின் கிராமபோன் கடைக்குள் சாய்வெயில் விழ, சாக்குக்குள் உடைந்த தட்டுகள் மினுங்குகின்றன. அமெரிக்க மாலுமி ஒருவனிடம் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் கற்று, அதை மீட்டியே பாடிய சொரிமுத்து, தொண்டைப் புற்றில் குரல் போய் நிற்கிறார். அவருக்காக மனைவி முப்பிடாதி கெஞ்சுகிறாள். “ஒடைச்சிராதீங்க அண்ணாச்சி. மூளி விளிம்பைப் பாருங்க, ஆஸ்பத்திரிச் செலவுக்கு நாங்க வித்த தட்டு. இவுக பாடினதுல இது ஒண்ணுதான் மிச்சம்.”

“லேபிளே இல்லையேம்மா. யாரு பாட்டுன்னு கண்டது?”

“பாடி முடிச்சதும் பேரைச் சொல்லியிருக்காக. அப்பம்லாம் அதான வழக்கம்!”

எஃகு ஊசிக்குத் தட்டுப்பாடு. ஊசிக்குப் பதிலாக, மீதமிருக்கும் ஒரே உடைமரத்து முள்ளைப் பால்துரை செருகுகிறார். பாஞ்சோ துள்ள, இளங்குரல் கணீரென்று தெருவரை போகிறது. சொரிமுத்துவின் விரல்கள் வேட்டி மடிப்பில் தந்தியைத் தேடுகின்றன. பாட்டு முடியும் நேரத்தில் முள் மழுங்கி, குரல் வெறும் இரைச்சலாகிறது. வாசலில் ரயில் ஸ்டேஷனுக்குச் சாக்கு ஏற்றும் வண்டிக்காரன் அவசரப்படுத்துகிறான். பால்துரை தட்டை எடுக்கக் கை நீட்டுகிறார். சொரிமுத்து அந்தக் கையைத் தள்ளிவிட்டு, தந்தி மீட்டிய கட்டைவிரல் நகத்தைக் தட்டின் கடைசி வரிப்பள்ளத்தில் அழுத்தி, தட்டை மெல்லச் சுற்றுகிறார். நகத்தடியிலிருந்து கொசுவின் ரீங்காரம்போல் எழுகிறது: “சொரிமுத்து, தூத்துக்குடி.” அதைக் கேட்டுவிட்ட முப்பிடாதி வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

குனிந்து காதுகொடுத்த பால்துரை நிமிர்ந்து சொரிமுத்துவிடம் சொல்கிறார்:

“ஒண்ணும் கேக்கலையே அண்ணாச்சி.”