ஆலங்கட்டிப் பக்கம்

குருவிகளை வயலினில் நல்லபடியாக முடித்துவிட்டாள். ஓடையும் போயிற்று.

கைதட்டல் இல்லை. பகுதிகளுக்கு இடையில் கை தட்டக் கூடாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். மண்டபத்தில் முந்நூறு பேர் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். பதினாறு வருஷமாக இந்தக் குழுவில் உட்கார்ந்தே வாசித்தவள். தனி வாசிப்பு இன்றைக்குத்தான்.

பக்கத்தில் உள் நாற்காலியில் ஜெசிந்தா. புதுக் கண்ணாடி போட்டிருந்தாள்.

அந்தக் கண்ணாடியைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

இரண்டு வயலினுக்கு ஒரு ஸ்டாண்டு, ஒரு சுரப் புத்தகம். வெளி நாற்காலிக்காரி வாசித்துக்கொண்டே இருப்பாள். உள் நாற்காலிக்காரி தன் வயலினை மடியில் இறக்கிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவாள். அதுதான் வழக்கம். பதினாறு வருஷமும் வெளி நாற்காலி ஜெசிந்தாவுடையது. திருப்பும் வேலை அவளுடையது.

ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

போன மாதம் வரை.

இந்த இசையை எழுதியவர் இத்தாலிக்காரர். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய மனிதர். நாலு தந்தியை வைத்துக்கொண்டு காட்டையும் வானத்தையும் காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எங்கே குருவி, எங்கே ஓடை, எங்கே மழை என்று சுரங்களுக்கு மேலேயே எழுதி வைத்திருந்தார். பக்கத்திலேயே ஜெசிந்தா பென்சிலால் தமிழில் எழுதியிருந்தாள்.

கடைசிப் பகுதியின் தலையில்: 'ஆலங்கட்டி. மூச்சு விடாதே.'

இருவருமே ஆலங்கட்டி மழையைக் கண்ணால் கண்டதில்லை. சென்னையில் எங்கே போய்ப் பார்ப்பது. தகரக் கூரையில் புளியங்கொட்டையைக் கொட்டினால் எப்படியிருக்கும், அப்படி வாசிக்க வேண்டும் என்றாள் ஜெசிந்தா. வாசித்தும் காட்டினாள்.

அதைக் கேட்டபோது அவளுக்கு வயிறு எரிந்தது. தோழிதான், ஒரே தட்டில் சாப்பிட்டவள்தான். இருந்தாலும் எரிந்தது.

போன மாத ஒத்திகையில் தனி வாசிப்பு ஜெசிந்தாவுடையதாகத்தான் இருந்தது. எழுந்து நின்று வாசித்தாள். ஆலங்கட்டி கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தின் கடைசி வரி வந்தது.

உள் நாற்காலியிலிருந்த அவள் கை தாளின் ஓரத்தில் தயாராக இருந்தது.

திருப்பவில்லை.

இரண்டு எண்ணிக்கை. அவ்வளவுதான். அப்புறம் திருப்பிவிட்டாள்.

அதற்குள் மழை நின்றுபோயிருந்தது.

குழுவை நடத்தும் மாஸ்டர் தாளக் குச்சியைக் கீழே வைத்தார். அவர் கேட்பதற்கு முன்பே ஜெசிந்தா முந்திக்கொண்டாள்.

"என் கண்ணாடிதான் மாஸ்டர். பழசாயிடுச்சு. மன்னிச்சுக்கோங்க."

மாஸ்டர் இருவரையும் இடம் மாறி உட்காரச் சொன்னார்.

அப்போதே அவள் வாயைத் திறந்திருக்கலாம். மறுநாள் திறந்திருக்கலாம். ஒரு மாதம் முழுவதும் நேரம் இருந்தது. நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமானதுதான் மிச்சம்.

ஜெசிந்தா கண் டாக்டரிடம் போனாள். யாரோ சொன்னார்கள் என்று தினமும் கேரட்டைக் கடித்தாள். இனிமேல் கண்ணை நம்பக் கூடாது என்று கடைசிப் பகுதி முழுவதையும் மனப்பாடம் செய்தாள். அது இனி ஜெசிந்தாவுடையது இல்லையே, அப்புறம் எதற்கு மனப்பாடம் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்போது மேடையில் மாஸ்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இனி அவர் குச்சியைத் தூக்க வேண்டியதுதான்.

ஜெசிந்தா அவள் பக்கமாகச் சாய்ந்தாள்.

"பழைய பவரேதான்னு சொல்லிட்டாருடி டாக்டர். கண்ணுல ஒண்ணுமே இல்லையாம். ஃப்ரேமை மட்டும் மாத்திக்கிட்டேன்."

சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

குத்திக் காட்டினாளா, சும்மா சொன்னாளா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியில் மண்டபத்து விளக்குகள்தான் தெரிந்தன.

குச்சி எழுந்தது.

பெரிய செல்லோ வாத்தியங்கள் இடியை உருட்டின. அவள் வில்லை இறக்கினாள். நன்றாகவே விழுந்தது மழை. முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. அவ்வளவு நன்றாக வாசித்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

கடைசி வரி வந்தது.

ஜெசிந்தாவின் கை தாளின் ஓரத்தில் வந்து நின்றது.

திருப்பாதே, என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். ஒரே ஒரு தடவை நீயும் திருப்பாதே. நான் நிம்மதியாக வீட்டுக்குப் போவேன்.

பக்கம் திரும்பியது. அரை எண்ணிக்கை முன்னதாகவே, சத்தமில்லாமல்.

சுரங்கள் எல்லாம் கண்ணுக்கு நேரே இருந்தன. ஒன்றுகூடக் கலங்கவில்லை.

அவள் தந்தியிலிருந்து வில்லை எடுத்துவிட்டாள்.

ஒன்று.

இரண்டு.

செல்லோக்கள் மட்டும் தனியாக உருண்டுகொண்டிருந்தன. மாஸ்டரின் முகம் அவள் பக்கம் திரும்பியது.

அப்போது உள் நாற்காலியிலிருந்து மழை கொட்டத் தொடங்கியது. தகரக் கூரை. புளியங்கொட்டை. மூச்சே விடவில்லை. ஜெசிந்தா வாசித்தபடியே எழுந்து நின்றாள். புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை.

அவள் உட்கார்ந்தாள். வயலினை மடியில் இறக்கினாள்.

பக்கம் முடிய இன்னும் நான்கு வரிகள் இருந்தன. ஜெசிந்தாவுக்கு அந்தப் புத்தகம் தேவையே இல்லை.

இருந்தாலும் அவள் கையை நீட்டித் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, எண்ண ஆரம்பித்தாள்.